நாற்காலியின் அடிப்பக்கம்

நம்மிடம் சில ஆண்டுகள் ஓதிய மாணவர் ஒருவர் இன்று டென்மார்க் நாட்டில் பணிபுரிந்து வருகிறார். அண்மையில் அவர் எழுதிய மடல் ஒன்று நம்மைப் பல நாள் சிந்தனையில் ஆழ்த்திவிட்டது.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டில் செய்யப்பட்ட தேக்குமரச் சாய்வு நாற்காலிகளுக்கு இப்போது பெருங்கிராக்கி. அத்தகைய நாற்காலி ஒன்று பழம்பொருள் கடையில் அவருக்குக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. அதன் ஒரு கை பிளந்து கிடந்தது. கைதேர்ந்த தச்சர் ஒருவரிடம் கொடுத்துப் புதிய கை செய்து பொருத்தினார். பழையது எது, புதியது எது எனக் கண்டறிய இயலாதவாறு வேலை அமைந்துவிட்டது. வாங்க வந்தவர் எல்லாம் பழைய மரமே என்றெண்ணி, பன்மடங்கு விலை பேசி, முன்பணமும் கொடுத்துச் சென்றிருக்கிறார். ‘அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் பொய் ஏதும் உரைக்கவில்லையே, ஹஜ்ரத்! இந்தப் பணம் எனக்கு ஆகுமா?’ இதுவே அவரது வினா.

உடனே தீர்ப்புச் சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை. அந்த நாற்காலியையே முதலில் அறிந்துகொள்ள விழைந்தோம். அறிந்தபோது, பாதி விடை அந்த மரத்திலேயே இருக்கக் கண்டோம்.

டேனியர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி அவர்கள் வசம் இருந்தது. அவர்கள் அந்த மரத்தைக் குறிக்கும் ‘டீக்’ என்னும் சொல்லும், போர்த்துக்கீசியர் வாய்வழியே மேற்கே சென்ற நம் ‘தேக்கு’தான். சொல் நம்முடையது, அந்த மரத்தில் அவர்கள் காட்டிய பொறுப்போ நாம் கற்க வேண்டியது.

1924இல் கோபன்ஹேகன் அரச கலைக்கழகத்தில் மரச்சாமான் கல்வியைத் தொடங்கிவைத்தவர் கோரே கிளிண்ட். மனித உடலை அளந்து, அந்த அளவிற்கேற்ப இருக்கை செய்ய வேண்டும் என்று அவர் கற்பித்தார். 1927 முதல் 1966 வரை அந்நகரத்துத் தச்சர் சங்கம் ஆண்டுதோறும் கண்காட்சி நடத்தியது. வரைபவரும் உளி பிடிப்பவரும் அங்கே ஒன்றுகூடினர். ஃபின் யூல் வரைந்தார். நீல்ஸ் வொடர் செய்தார். செருப்புத் தைப்பவரின் மகனாக 1914இல் பிறந்த ஹான்ஸ் வெக்னர், சிறு வயதிலேயே தச்சுப்பட்டறையில் சேர்ந்து, பின்னர் உலகறிந்த வடிவமைப்பாளராக உயர்ந்தார்.

இந்த வெக்னர் ஒரு கொள்கையை வற்புறுத்தி வந்தார். நாற்காலிக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருத்தலாகாது. எப்பக்கம் நின்று நோக்கினும் அது நிறைவுற்றிருக்க வேண்டும் என்பதே அது. 1951இல் அவர் அமைத்த பெரிய சாய்வு நாற்காலியைக் ‘கரடி நாற்காலி’ என்பர். மெத்தையும் துணியும் மூடிய பின் அதன் மரச்சட்டம் ஒருவர் கண்ணிலும் படாது. கைகளின் நுனியும் கால்களுமே வெளியே தெரியும். ஆயினும், அமர்பவரின் பாரத்தை ஆண்டுக்கணக்கில் தாங்குவது மறைந்திருக்கும் அந்தச் சட்டமன்றோ? அதன் பொருத்துகளில் தச்சர் ஏய்த்திருந்தால், வாங்கியவர் பல ஆண்டுகள் கழித்தே அறிந்திருப்பார்.

இன்னொன்றையும் காண்க. நீல்ஸ் வொடர் போன்றோர் தம் பெயரைச் சூடிட்டுப் பொறித்தது நாற்காலியின் அடியில்தான். இன்றும் விவரமறிந்து வாங்குவோர் அதைக் கவிழ்த்துப் பார்த்த பின்னரே விலை பேசுகின்றனர். காணாத பக்கமே அதன் மதிப்பைச் சொல்கிறது!

இதனை நம் மார்க்கம் ‘இத்கான்’ என்றும் ‘இஹ்ஸான்’ என்றும் அழைக்கிறது. செய்வதைத் திருந்தச் செய்தல் இத்கான். நாம் இறைவனைக் காணாவிடினும் அவன் நம்மைக் காண்கிறான் என்ற உணர்வோடு செய்தல் இஹ்ஸான். இது தொழுகைப் பாயோடு முடிந்துவிடுவதன்று. உளியிலும் துலாக்கோலிலும் இதற்கு இடமுண்டு.

இனி, மாணவரின் வினாவிற்கு வருவோம். அந்தத் தச்சர் செய்த வேலையில் குற்றமில்லை. பழுது தெரியாமல் செப்பனிடுவது இத்கான்தான். ஆனால், அந்தத் திறமையைத் திரையாக்கி அதன் பின்னே ஒளிந்துகொள்வது வேறு. நற்பணி நற்பணியே, அதன்மேல் விரித்த மௌனமே மோசடி.

‘புதிய கை பழையதைவிட உறுதியாக இருக்கிறதே! இது எப்படிக் குறையாகும்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஃபுகஹாக்கள் குறையை அளந்தது உறுதியைக் கொண்டு மட்டுமன்று. வணிகர் வழக்கில் விலையைத் தாழ்த்துவது எதுவோ அதுவும் ‘ஐப்’ என்றனர். அந்த நாற்காலியை வாங்குபவர் அமர்வதற்கு மட்டும் விலை தரவில்லை. அன்றைய தச்சர் கைபட்ட மரத்திற்காகவும் தருகிறார். அறிந்தால் அவர் குறைத்துக் கேட்பார் என்பது மாணவருக்கே தெரியும். தெரிந்ததனாலன்றோ வாய் மூடினார்!

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்தார்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மக்கள் காணுமாறு அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவி, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். அந்த வணிகரும் பொய் ஏதும் உரைத்திருக்கவில்லை. மேலே காய்ந்ததை வைத்திருந்தார், அவ்வளவே. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பங்காளி, குறையுள்ள துணியை அக்குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரெனத் தெரியாமற்போகவே, இமாமவர்கள் அந்தத் தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். மறதிக்கே அத்துணை அச்சம் என்றால், அறிந்து காத்த மௌனத்திற்கு என்ன சொல்வது?

ஆகவே மாணவருக்கு இவ்வாறு எழுதினோம்: ‘வாங்குபவர் வரும்போது கையைச் சுட்டிக்காட்டுங்கள். அதே விலைக்குக் கொண்டால் பணம் உங்களுடையது. குறைத்தால், குறைந்தது உங்களுடையதாக இருந்ததில்லை.’

அவரது மறுமொழி இன்னும் வரவில்லை. ஆனால் எழுதி அனுப்பிய இரவில் நமக்கும் உறக்கம் வரவில்லை. ஆய்வாளர் வரும் நாளில் ஒருவிதமாகவும், வராத நாளில் வேறுவிதமாகவும் நாம் பாடம் நடத்தியதில்லையா? ஈரச் சுவருக்கு வெள்ளையடித்து வீட்டை விற்பவர்கள் நம்மிடையே இல்லையா? திருமணம் பேசுமிடத்தில் ‘அவர்கள் கேட்கவில்லையே’ என்று பிள்ளையின் நோயை மறைப்பவர்கள் இல்லையா? டென்மார்க்கு நாற்காலிக்குத் தீர்ப்புச் சொல்வது எளிது. நம் வீட்டுச் சாமானைக் கவிழ்த்துப் பார்ப்பதே அரிது.

அந்தரங்கங்கள் யாவும் வெளிப்படும் நாளொன்று உண்டு. அன்று நம்மைக் கவிழ்த்துப் பார்க்கும்போது, அடிப்பக்கமும் மேற்பக்கம்போல் இருக்க வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.