கருவறைத் தகுதி

கோயில் நகரமாம் காஞ்சியில் கருவறை என்ற சொல்லுக்குப் பொருள் கூறத் தேவையில்லை. அந்தக் கல்லறைக்குள் நுழைய ஒரே தகுதி பிறப்புத்தான் என்றனர் நெடுங்காலம். படிப்பா? பயிற்சியா? அவையெல்லாம் பிறகு! பெரியார் கருவறை நுழைவுக் கிளர்ச்சியை அறிவித்தார். 1970இல் கலைஞரின் அரசு பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்குகள் பல கடந்து, 2021இல் பயிற்சி பெற்ற பல சாதித் தோழர்கள் அர்ச்சகராக அமர்த்தப்பட்டனர். பூசையில் நம்பிக்கையற்ற நாமும் மகிழ்ந்தோம். பிறப்பு வீழ்ந்தது, பயிற்சி வென்றது என்பதால் மகிழ்ந்தோம்.

மற்றொரு கருவறை உண்டு, தோழர்களே! தாயின் வயிறு. அதனைத் தகுதிச் சான்றாக்கி வைத்திருப்பவர்கள் பழமைவாதிகள் மட்டுமல்லர், நாமுந்தான். “பிள்ளை பெற்றவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாதா?” என்கிறோம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பேணிக் கற்பிக்கும் பணிக்குப் பெண்ணாய்ப் பிறந்ததே போதும் என்று இருந்துவிடுகிறோம்.

உண்ண மறுக்கும் மூன்று வயதுக் குழந்தையிடம் “சாமி கண்ணைக் குத்தும்” என்று சொல்லிப் பாருங்கள். உடனே வாய் திறக்கும். வேலை எளிதில் முடியும். இருபதாம் வயதில் நம் மன்றத்துக்கு வரும் இளைஞனிடம் மூன்று மணி நேரம் முழங்கியும் நம்மால் பிடுங்க முடியாத அச்சம், அன்று அரை நிமிடத்தில் ஊன்றப்பட்டது! மேடை போட்டு நாம் களையெடுக்கிறோம். விதைப்பு நடக்கும் இடத்தை எட்டிப் பார்ப்பதில்லை.

பயிற்சி என்றால் பாட்டும் ஆட்டமுந்தானே என்று நகைப்போர் உளர். விரல்கள் உறுதிப்படாத குழந்தையின் கையில் பென்சிலைத் திணிக்காது, களிமண் பிசையவும் மணி கோக்கவும் விடுவது ஏன் என்று அறிதல், வீட்டில் தெலுங்கு பேசிப் பழகிய நெசவாளர் பிள்ளை வாய் மூடியிருந்தால் அது மந்தமன்று, மொழி புதிது என்று உணர்தல், “ஏன்?” என்று நூறு முறை கேட்பவனை நூற்றோராம் முறையும் சினவாது எதிர்கொள்ளல் – இவை தாய்ப்பாலோடு சுரப்பன அல்ல, கற்று வருவன.

நம் ஊர்த் தறியைப் பாருங்கள். கோர்வைப் புடவையில் உடலுக்கும் கரைகளுக்கும் தனித்தனி நாடா. மறுபக்கத்து நாடாவை ஓட்ட ஓர் உதவியாள் வேண்டும். அந்த உதவியாள் நெடுங்காலம் சிறு பிள்ளையாகவே இருந்தது காஞ்சியின் வடு. ஆயினும் நெய்பவரின் இருக்கையில் கற்றுக்குட்டியை எவரும் அமர்த்தியதில்லை, இழை பிசகினால் பட்டு பாழாகும் என்பதனால்! பட்டுக்குக் கைத்திறன் கேட்ட ஊர், பிள்ளைக்கு அதனைக் கேட்கவில்லை.

செருமானிய நாட்டு ஃபுரோபெல், 1837இல் மழலையர்க்கெனப் பள்ளி கண்டார். அதற்கென ஆசிரியர்களையும் பயிற்றுவித்தார். 1851இல் பிரசிய அரசு, நாத்திகம் பரப்புவதாகக் கூறி அத்தகைய பள்ளிகளைத் தடை செய்தது. 1860இல்தான் தடை நீங்கிற்று. மழலைப் பள்ளியின் ஆற்றலைக் கொடுங்கோலர் அறிந்திருந்தனர், நாம் இன்னும் அறிந்தோமில்லை! மருத்துவம் கற்ற மாண்டிசோரி அம்மையார் 1907இல் தம் முதற் பள்ளியைத் தொடங்கியது உரோமை நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி தந்தார். கூலிக்காரர் பிள்ளைக்கென முளைத்த முறையின் பெயர், இன்று கட்டணம் கொழுத்த பள்ளிகளின் பலகையில் பளபளக்கிறது.

ஏழைக்கோ அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய திட்டம் பசியாற்றியது, அதனைப் போற்றுவோம். ஆனால் அங்கே கற்பிப்பவருக்குப் பெயர் ஆசிரியர் அன்று, ‘பணியாளர்’. நடுவண் அரசின் ஏட்டில் அவர் பெறுவது ஊதியமும் அன்று, ‘மதிப்பூதியம்’. பணிக்கொடைக்கு அவர் உரியவர் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஆயிற்று. 2019இல் தமிழக அரசு 2381 மையங்களில் மழலையர் வகுப்பு தொடங்கி, இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்ப முற்பட்டபோது, ‘தகுதியிறக்கம்’ என்று எதிர்ப்பு எழுந்தது. தாம் பயின்றது வேறு வயதினருக்கு என்ற அவர்தம் வாதம் நேரியது. இறக்கம் என்ற சொல்லோ, அத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என்னைச் சுடுகிறது. பிள்ளை சிறிதானால் ஆசிரியரும் சிறியவரா? எந்த மனுவின் கணக்கு இது?

“தகுதி என்று சொல்லித்தானே நம்மைத் தள்ளி வைத்தனர், நீட் என்று சொல்லித்தானே இன்றும் தள்ளுகின்றனர், அச்சொல்லை நீயும் எடுப்பதா?” என்று தோழர் கேட்கலாம். கேட்க வேண்டும்! வாயிலில் நின்று வடிகட்டுவது வேறு, உள்ளே அழைத்துக் கற்பிப்பது வேறு. நாம் எதிர்க்கும் தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு திங்கள் பயிற்சி போதும் என்கிறது. முன்பள்ளி ஆசிரியர் பட்டயத்துக்கோ, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதிப்படி ஈராண்டு. ஏழைப் பிள்ளைக்குக் கால்பங்கு போதும் போலும்!

பத்தாம் வகுப்போடு நின்று, இருபது ஆண்டுகளாக மழலையரைத் தூக்கிச் சுமந்த கைம்பெண்ணை, சான்றிதழ் இல்லை என்று வெளியேற்றுவது கொடுமை. அவரை முழு ஊதியத்தோடு, தமிழிலேயே, அந்த ஈராண்டுப் படிப்புக்கு அனுப்புவது அரசின் கடன். அதுவரை மையம் பூட்டிக் கிடக்காதிருக்க மாற்றாளும் வேண்டும்; செலவாகும். அந்தச் செலவை அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி, நம் மன்றங்கள் இன்னும் ஒரு தீர்மானம்கூட எழுதத் தொடங்கவில்லை.