மதிப்பெண் யாருக்கு?

பெண்களிடம் பேசவே நடுங்கிய ஒரு பையன், 19 வயதில் தனக்குத்தானே ஒரு விதி போட்டுக்கொண்டான். நியூயார்க்கின் பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவில் எந்தப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தாலும், அதே பெஞ்சில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தே தீருவது. பிற்காலத்தில் அவரே சொன்ன கணக்கு: 130 பேரை நெருங்கினார், 30 பேர் எழுந்து போனார்கள், 100 பேர் பேசினார்கள். ஒருத்தி மட்டும் மறுபடி சந்திக்கச் சம்மதித்தாள், அவளும் வரவில்லை. (இன்றைக்கு இதைச் செய்தால் காவலாளி விசில் ஊதுவார், அது வேறு கதை.) தோல்வி என்று பார்த்தால் முழுத் தோல்வி. ஆனால் பயம் போய்விட்டது.

அந்தப் பையன்தான் உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ். தன்னிடம் சிகிச்சைக்கு வந்தவர்களை, வெட்கம் போகட்டும் என்று, வாழைப்பழத்தைக் கயிற்றில் கட்டி நாய்க்குட்டி மாதிரித் தெருவில் இழுத்துக்கொண்டு போகச் சொன்னவர். ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

செய்ததற்கு மதிப்பெண் போடு, செய்தவனுக்குப் போடாதே என்பதுதான் அவர் கட்சி. தன்னைப் பற்றி உயர்வாக நினைத்துக்கொள்வதைக்கூட அவர் விரும்பவில்லை. அதுவும் மதிப்பெண்தானே? இன்று 90 வந்தால் நாளை 35 வரும்.

வீட்டில் இந்த மதிப்பெண் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். “குழம்புல உப்பு கொஞ்சம் தூக்கல்” என்கிறார் கணவர். தனக்கே எந்நேரமும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பவர் காதில் அது, “உனக்கு ஒண்ணும் உருப்படியா வராது” என்று விழும். “அப்ப உங்கம்மா கையாலேயே போய்ச் சாப்பிடுங்க!” உப்பு எங்கேயோ போய்விட்டது, சண்டை மட்டும் ராத்திரி வரை நிற்கிறது. கணவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ‘செய்தது தப்பு’ என்று ஒப்புக்கொண்டால் ‘நானே தப்பு’ என்றாகிவிடுமோ என்ற பயத்தில், ஒரு மன்னிப்பைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக வாழ்கிறவர்கள் உண்டு. இப்படி மதிப்பெண் போடாமல் தன்னை ஏற்றுக்கொண்டால் சோம்பல் வந்துவிடும் என்பார்கள். எனக்குத் தெரிந்து, தப்பைத் திருத்திக்கொள்வதே தன்னை ஏற்றுக்கொண்டவர்கள்தான்.

இன்று பால் பொங்கி வழிந்தால், “சே, நான் ஒரு தண்டம்” என்று வாயில் வரும். “பாலைக் கவனிக்கலை” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். இது கொஞ்ச நாளில் பழகிவிடும். பொங்க விட்டது வீட்டில் இன்னொருவர் என்றால் “நீ எப்பவுமே இப்படித்தான்” என்று வருமே, அதை நிறுத்தத்தான் நாளாகும்.