விலா

ஜூரோங்கில் எங்கள் திருச்சபையின் ஞாயிறு வகுப்பு. ஆதாமைத் தூங்கவைத்து, அவன் விலா எலும்பில் ஒன்றை எடுத்துக் கடவுள் ஏவாளை உண்டாக்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, பக்கத்திலிருந்த தம்பியின் சட்டைமேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு தன்னுடையதை.

“டீச்சர், ரெண்டு பேருக்கும் ஒரே கணக்குதான் வருது.”

“கதையக் கவனிம்மா” என்றேன். விரலை எடுத்துக்கொண்டாள். மூன்று வாரமாகிறது. அந்த விரல் இறங்கியதை என்னால் மறக்க முடியவில்லை.

அவள் எண்ணியதில் பிழையில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் 12 ஜோடிதான். ஆணுக்கு ஒன்று குறைவு என்ற நம்பிக்கையை வெசாலியஸ் 1543இலேயே தன் உடற்கூறு நூலில் மறுத்துவிட்டார். விரலை இழந்தவனுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு விரல் குறைவதில்லையே.

ஆனால் என் பாட்டி வீட்டில் அது குறைந்துதான் இருந்தது. தாமான் ஜூரோங்கிலிருந்து பேருந்து பிடித்துத் தேக்காவுக்குப் போய் ஆட்டு நெஞ்செலும்பு வாங்கிவந்து சூப் வைப்பார். தாத்தாவின் கிண்ணத்தில் ஓர் எலும்பு கூடுதலாக விழும். “ஆம்பளைக்கு ஒண்ணு கொறச்சல்ல, அதான்.” அந்த ஒன்று எங்களிடம் இருப்பதாகவே நம்பினோம். கடன்பட்டவர்களைப் போல வளர்ந்தோம்.

ஏவாள் கதையின் எபிரேய மூலத்தில் விலா எலும்பு என்ற இடத்தில் இருப்பது ‘ட்ஸேலா’ என்ற சொல். யாத்திராகமத்தில் உடன்படிக்கைப் பெட்டியின் பக்கத்தைக் குறிப்பதும் அதே சொல்தான்; அங்கே யாரும் எலும்பைத் தேடுவதில்லை. முதல் மனிதன் இரு முகங்களோடு படைக்கப்பட்டு இரண்டாகப் பிளக்கப்பட்டான் என்று பழைய யூத உரையொன்றில் ஒரு ரபி சொல்வதை எப்போதோ படித்தேன். எலும்பை எடுத்ததாகத்தானே இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு, அது எலும்பில்லை, பக்கம் என்கிறார். நம் ‘விலா’வும் அப்படித்தானே? விலா நோகச் சிரித்தோம் என்றால் எலும்பையா சொல்கிறோம்? மாதொருபாகன் என்று கும்பிட்ட மொழிக்குப் பாதி உடல் புதிதுமில்லை. எடுத்தது பாதி என்றால் கடன் எங்கே வந்தது?

இங்கேயே நிறுத்திக்கொள்ள ஆசைதான். ஆனால் ஏவாளைக் கண்டதும் ஆதாம் பேசுவது எலும்பைப் பற்றி அல்லவா? அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் பாட்டியின் கிண்ணம் கண்முன் வருகிறது. எபிரேயம் எனக்குத் தெரியாது. எலும்பா, பக்கமா, இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

இந்த ஞாயிறு அவளை இன்னொரு முறை எண்ணச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அந்த விரல் மறுபடி மேலே வருமா, தெரியவில்லை.