கெட்டுப்போன ஷவரும் ‘அழிக்காதே’ என்ற கட்டளையும்

லண்டன் வீடுகள் பலவற்றில் குளியலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும். நம்மூர் கீசர்போல அது தொட்டியில் நீரைச் சேர்த்துக் காய்ச்சாது. குழாயில் வருகிற குளிர்ந்த நீரை ஓடுகிற ஓட்டத்திலேயே சூடாக்கித் தலையில் கொட்டும். எலக்ட்ரிக் ஷவர் என்பார்கள். 9.5 கிலோவாட் ஷவர் 230 வோல்ட்டில் சுமார் 41 ஆம்பியர் இழுக்கும். அவ்வளவு இழுத்தும், ஜனவரி மாதத்துக் குழாய்நீரை உடம்பு தாங்கும் சூட்டுக்குக் கொண்டுவந்தால் நிமிடத்துக்கு நாலரை லிட்டர் அளவுதான் கிடைக்கும். ஒருநாள் காலையில் அது பச்சைத் தண்ணீரைக் கொட்டுகிறது. வீட்டில் பேச்சு நேராக விலைக்குப் போய்விடும். ஆள் வந்து பார்க்கக் கூலி இவ்வளவு, உதிரிபாகம் இவ்வளவு, இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கிவிடலாமே.

கணக்கில் தப்பில்லை. ஆனால் பயன் மிச்சமிருக்கிற ஒரு பொருளைத் தூக்கிப்போடுவது வெறும் செலவா, குற்றமா என்ற கேள்வி மின்சாரத்தைவிட மிகப் பழையது.

யூத மரபு இதற்கு ‘அழிக்காதே’ என்று ஒரு சட்டமே வைத்திருக்கிறது. பைபிளின் உபாகமம் 20ஆம் அதிகாரம், ஊரை முற்றுகையிடும் படை அங்குள்ள பழமரங்களை வெட்டக் கூடாது என்கிறது. போர்க்களத்துக்குச் சொன்னதை யூத குருமார்களான ரபிகள் வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் தமது ‘மிஷ்னே தோரா’ என்ற சட்டத் தொகுப்பில் பாத்திரத்தை உடைப்பது, துணியைக் கிழிப்பது, ஊற்றைத் தூர்ப்பது, உணவை வீணடிப்பது எல்லாவற்றையும் இந்தத் தடைக்குள் சேர்த்தார். ஆனால் நாசம் செய்யும் விதமாகச் செய்தால்தான் குற்றம். பக்கத்து மரங்களைக் கெடுக்கும் மரத்தை வெட்டலாம் என்று அவரே அனுமதிக்கிறார்.

ரபிகளின் சட்ட விவாதத் தொகுப்பான பாபிலோனியத் தால்முத்தில் இதைவிடக் கூர்மையான ஒரு நிகழ்ச்சி உண்டு. ரத்தம் எடுத்துக்கொண்ட பிறகு உடம்பைச் சூடாக வைத்திருக்க வேண்டும் என்பது அக்கால வைத்தியம். ரப்பா என்ற ஆசானுக்காக ஒரு மர இருக்கையை உடைத்து அடுப்பில் வைக்கிறார்கள். அவரிடம் வளர்ந்த மாணவர் அபாயே விடவில்லை. இது ‘அழிக்காதே’ என்ற கட்டளையை மீறுவதாகாதா என்று கேட்கிறார். தம் உடம்பை அழிக்காமலிருப்பதே தமக்கு முந்தியது என்று ரப்பா பதில் சொல்கிறார்.

குளியலறையில் இந்தப் பதில் அப்படியே பொருந்தும். மூடியைக் கழற்றும்போது ஒயர் முனை கருகியிருந்தால், பிளாஸ்டிக் உருகியிருந்தால், மின்பகுதிக்குள் ஈரம் இறங்கிய தடம் இருந்தால், சிக்கனம் பேச இடமே இல்லை. நனைந்த உடம்பும் 41 ஆம்பியரும் ஒரே இடத்தில் நிற்கின்றன. பழைய பொருளின் மீது வைக்கும் பரிவு, வீட்டிலிருக்கும் குழந்தையின் உயிருக்கு மேல் போகக் கூடாது.

அந்த அபாயம் இல்லாதபோது என்ன செய்வது? பௌத்தத் துறவிகளின் விதிநூலான வினயபிடகத்தின் சுல்லவக்கப் பகுதியில் புத்தரின் சீடர் ஆனந்தர் ஒரு வழி காட்டுகிறார். கோசாம்பி அரசன் உதேனனின் மனைவியர் அவருக்கு ஐந்நூறு ஆடைகளைத் தானம் செய்தார்கள். ‘பெருங்கதை’ வழியாகத் தமிழ் அறிந்திருக்கும் அதே உதயணன்தான். இத்தனை ஆடை ஒரு துறவிக்கு எதற்கு என்று அவனுக்குச் சந்தேகம். கிழிந்த ஆடை உடுத்திய பிக்குகளுக்குக் கொடுப்பேன் என்கிறார் ஆனந்தர். கிழிந்தவற்றை என்ன செய்வீர்கள்? படுக்கை விரிப்பாக்குவோம். அதுவும் நைந்தால்? அரசன் விடாமல் கேட்க, துணி தரைவிரிப்பாகி, கால்மிதியாகி, தூசு தட்டும் கந்தையாகி, கடைசியில் நறுக்கப்பட்டு மண்ணோடு பிசைந்து தரையில் பூசப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் எது போயிற்று, எது மிச்சம் என்பது அந்தத் துறவிகளுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்றைய வீட்டில் இல்லாதது அந்தத் தெரிதல்தான். ஷவர் கெட்டுவிட்டது என்றால் முழுப் பெட்டியும் செத்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். பெட்டியின் அடியிலிருந்து திடீரென நீர் கொட்டுகிறதா? ஷவர் தலை உப்பு படிந்து அடைத்ததால் உள்ளே அழுத்தம் ஏறி, அதை வெளியேற்றவென்றே வைத்திருக்கும் சிறிய பாதுகாப்பு அடைப்பு திறந்திருக்கலாம். அப்படியானால் மின்சாரத்தை நிறுத்தி, ஷவர் தலையை வினிகரில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, அந்த அடைப்பை மாற்றினால் போதும். நிறுத்திய பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தால் நீரைத் திறந்து மூடும் சொலினாய்ட் வால்வைச் சந்தேகிக்கலாம். பாதிச் சூடுதான் வருகிறதென்றால் இரண்டு ஹீட்டிங் எலிமென்ட்டில் ஒன்று போயிருக்கலாம். லண்டன் நீர் சுண்ணாம்புப் பாறை வழி வரும் கடின நீர். எலிமென்ட்டில் பொருக்கு கட்டும். கத்ரின் ஏரியிலிருந்து 1859 முதல் மென்னீர் குடிக்கும் கிளாஸ்கோவில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

புதுசு வாங்குவதும் பெட்டியோடு முடிவதில்லை. 8.5 கிலோவாட்டைக் கழற்றி 10.5 மாட்டினால் பழைய கேபிளும் பிரேக்கரும் அந்தச் சுமையைத் தாங்குமா என்று பார்த்தாக வேண்டும். கழற்றிய பெட்டியும் எங்கோ போய்ச் சேர வேண்டும். 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவைக் குவித்தது என்கிறது ஐ.நா. அறிக்கை. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான்.

பழியை வீட்டுக்காரர் தலையில் மட்டும் வைப்பதும் நியாயமில்லை. பிரிட்டனில் 2021 ஜூலையில் வந்த விதிகள் வாஷிங் மெஷின், பாத்திரம் கழுவும் இயந்திரம், பிரிட்ஜ், டி.வி. ஆகியவற்றுக்கு உதிரிபாகம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்துகின்றன. எலக்ட்ரிக் ஷவர் அந்தப் பட்டியலில் இல்லை. இது திருத்தப்பட வேண்டிய குறை.

வாடகை வீட்டில் கேள்வி இன்னொரு பக்கம் திரும்புகிறது. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர்-வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, வெந்நீர்ச் சாதனத்தைச் சரியாக வைத்திருப்பது பொதுவாக வீட்டு உரிமையாளர் பொறுப்பு. குளிரில் நிற்பவர் ஒருவர், செலவு செய்பவர் வேறொருவர். சீக்கிரம் முடிந்தால் சரி என்று இருவரும் சேர்ந்தே புதுசுக்குத் தலையாட்டிவிடுகிறார்கள். வந்து பார்க்கிற எலக்ட்ரீஷியன் எந்தப் பாகம் போயிற்று, அது கடையில் கிடைக்குமா என்பதை பில்லிலேயே ஒரு வரி எழுதித் தர வேண்டும். குடியிருப்பவர் அதைக் கேட்டு வாங்கலாம். அதைப் படித்துவிட்டு உரிமையாளர் முடிவெடுக்கட்டும்.