கண்டதும் கருதியதும்

ஒரு திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும் சாமானிய மனிதர், படிக்கட்டில் இறங்கும்போதே பக்கத்தில் வருபவரிடம் சொல்லிவிடுகிற அபிப்பிராயத்தை, அறிஞர்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், அறிவு எந்த வாயிலால் வருகிறது, தன் சுகதுக்கத்தைத் தானே அறிகிற அறிவுக்கு எவ்வளவு தூரம் பிரமாணம் உண்டு, பிறர் சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம் என்றெல்லாம் நம்முடைய சமயாசாரியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஆராய்ந்த விஷயங்கள் அந்தச் சில நிமிஷப் பேச்சிலே ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஆகையால் அதனைத் தத்துவ விசாரத்துக்கு உரிய பொருளாகக் கொள்வதில் இழுக்கில்லை என்பது என் துணிபு.

கண்டியில் இந்தச் சம்பாஷணைக்கு இயல்பாகவே ஒரு வழித்தடம் அமைந்திருக்கிறது. றீகலிலோ, கண்டி சிட்டி சென்டரிலோ படம் பார்த்தவர்களிலே வெளியூர்க்காரர்கள், கம்பளைக்கும் நாவலப்பிட்டிக்கும் ஹட்டனுக்கும் போகும் பஸ்களைப் பிடிப்பதற்காகப் பஸ் நிலையத்தை நோக்கி நடப்பார்கள். அந்த நடையிலும், பஸ் புறப்படும்வரை இருக்கையில் காத்திருக்கும் பொழுதிலும், படத்தின் தலைவிதி நிர்ணயமாகிவிடும். ‘பரவாயில்லை’ என்பார் ஒருவர். ‘ரெண்டாம் பாதி ஒரே இழுவை’ என்பார் இன்னொருவர். ‘குடுத்த காசுக்கு மோசமில்லை’ என்று கணக்கை முடிப்பார் மூன்றாமவர். நாவலப்பிட்டிக்காரர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்துவிட்டால், 1917ஆம் ஆண்டு ஜனவரியில் எம்.ஜி.ஆர். பிறந்தது தங்கள் ஊரில்தான் என்பதைச் சந்தர்ப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல்லாமல் விடமாட்டார். அந்த உரிமையில் அவருடைய தீர்ப்புக்கு ஒரு மடங்கு கனமும் கூடிவிடும்.

இப்படிப்பட்ட பேச்சொன்றை அந்தப் பஸ்களில் ஒன்றிலே நான் கேட்டிருக்கிறேன். முன் இருக்கையில் வயதான ஓர் அம்மா. பக்கத்தில் அவருடைய மகன். படத்தின் ஒளிப்பதிவைப் பற்றியும், கதாநாயகனின் முந்திய படத்தோடு இது ஒப்பாகாதது பற்றியும் மகன் வெகுநேரம் விஸ்தாரமாகப் பேசிக்கொண்டிருந்தார். தாயார் மடியிலிருந்த பையின் வாரைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்துவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: “அந்தப் பொம்பளைக்கு யாராவது ஒரு வாய் சோறு குடுத்திருக்கலாம்.” மகன் சிரித்துக்கொண்டு, “அது படம்மா” என்றார். “படந்தான். அதுக்காகப் பசி இல்லாமப் போயிருமா?” என்று கேட்டுவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இவ்விருவரில் படத்தை உள்ளபடி கண்டவர் யார்?

இந்தக் கேள்வியை நாடகம் பார்ப்பதைப் பற்றி எழுப்பிக்கொண்டவர்கள் நமக்கு வெகுகாலத்துக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். தலதா மாளிகை நிற்கும் இந்த ஊரிலே, முதலில் பௌத்தத்தின் குரலைக் கேட்பதுதான் முறை. போயா தினத்தில் வெண்ணாடை உடுத்து அட்டசீலம் காக்கும் உபாசகர்கள், ஆடல் பாடல் காட்சிகளைக் காண்பதில்லை என்றும் விரதம் பூணுகிறார்கள். சம்யுத்த நிகாயத்திலே தாலபுடன் என்னும் நடனைப் பற்றிய ஒரு சூத்திரம் உண்டு. அரங்கில் ஏறி ஜனங்களைச் சிரிக்கச் செய்யும் நடன், மரணத்துக்குப் பின் சிரிக்கும் தேவர்களின் உலகத்தில் பிறப்பான் என்று தங்கள் முன்னோர் சொல்லிவந்ததைக் கூறி, அது மெய்தானா என்று அவன் புத்தபகவானிடம் வினவுகிறான். அதைக் கேட்கவேண்டாம் என்று பகவான் இருமுறை தடுக்கிறார். மூன்றாம் முறையும் அவன் கேட்கவே, ஆசையும் துவேஷமும் மோகமும் இன்னும் நீங்காத ஜனங்களிடம் அவற்றையே மேலும் வளர்க்கும் பொருள்களை நடன் அரங்கிலே காட்டுகிறான் என்றும், ஆதலால் அவன் சேருமிடம் தேவலோகமன்று, நரகமே என்றும் சொல்லிவிடுகிறார். தாலபுடன் அழுகிறான். தான் அழுவது பகவான் சொன்ன சொல்லுக்காகவன்று, பழைய நடர்களான ஆசாரியர்களால் இத்தனை காலம் தான் ஏமாற்றப்பட்டிருந்ததற்காகவே என்றும் விளக்குகிறான். பிற்பாடு அவன் துறவு பூண்டு அரகந்தனானான் என்பதும், தேரகாதையிலே அவன் பெயரால் ஒரு நீண்ட பாடல் இருப்பதும் பௌத்தர் அறிந்தவை.

கலையைக் குறித்து இவ்வளவு கடுமையான வார்த்தையை வேறெங்கும் காண்பது அரிது; அதனை மழுப்பிச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆயினும் ஒன்றை உற்று நோக்கவேண்டும். காட்சியிலிருந்து ஜனங்களிடத்தே ஆசை புதிதாக உண்டாவதில்லை. ஏற்கெனவே உள்ளதற்கு அங்கே ஆகாரம் கிடைக்கிறது, அவ்வளவே. ஆனால், காணும் மனிதரிடத்தே கருணையும் ஏற்கெனவே உள்ளதல்லவா? திரையிலே பசித்திருந்தவளைக் கண்ட அந்தத் தாயாரிடம் வளர்ந்தது எது என்று கேட்டால், துவேஷமென்றோ மோகமென்றோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு காட்சி நம்முள் எதற்கு உணவளித்தது என்பதை அரங்கின் இருளிலே நாம் அறிவதில்லை. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாவது என்பது சைவசித்தாந்தத்தின் மூலக் கொள்கைகளுள் ஒன்று. பக்கத்தில் வைத்த பூவின் நிறத்தைப் படிகம் ஏற்பதுபோல, அந்த இரண்டரை மணி நேரமும் நாம் திரையின் நிறமாகவே இருந்துவிடுகிறோம். வெளியே வந்து வாய் திறக்கும்போதுதான் நம்மிடம் ஒட்டியிருப்பது இன்ன நிறமென்று நமக்கே புலப்படுகிறது. ஆகவே படம் பார்த்தலில் ஆத்மவிசாரம் என்று சொல்லத்தக்க பகுதி ஏதும் இருக்குமானால், அது பார்த்தபின் நிகழும் இந்தப் பேச்சுத்தான்.

காச்மீரத்துச் சைவரான அபிநவகுப்தர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பரத நாட்டியசாஸ்திரத்துக்கு எழுதிய ‘அபிநவபாரதி’ என்னும் உரையிலே, ரசானுபவம் என்பது தடையில்லாத அறிவே என்று கொண்டு, அந்த அறிவுக்கு நேரும் விக்கினங்கள் ஏழு என்று வகுத்துக் காட்டுகிறார். கண்ட நிகழ்ச்சியை நம்பக்கூடாமல் மனம் விலகி நிற்பது ஒன்று. இது என்னுடையது, இது பிறனுடையது, இந்தக் காலத்தது, இந்தத் தேசத்தது என்னும் எல்லைக்குள் அகப்பட்டுக்கொள்வது ஒன்று. தன் சொந்தச் சுகதுக்கத்துக்கு வசப்பட்டுவிடுவது ஒன்று. தெளிவின்மை, பிரதானமல்லாதது முன்வந்து நிற்றல் முதலியன ஏனையவை. பஸ்ஸில் கேட்கும் அபிப்பிராயங்களை இந்த வரிசையோடு வைத்துப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. ‘நம்பவே முடியல்ல’ என்று ஒருவர் சொல்வது முதல் விக்கினமே. ‘பாட்டுத்தான் படத்தைக் கெடுத்திச்சு’ என்பது பிரதானமல்லாதது முன்வந்ததைப் பற்றிய முறையீடு. அந்த ஆசாரியர் கிரந்தத்தில் வகுத்ததைப் படிப்பறியாதவர்களும் அனுபவத்தில் பிழையின்றிச் சுட்டிவிடுகிறார்கள். ஆனால் விக்கினம் படத்தில் இருந்ததா, பார்த்தவரிடத்தில் இருந்ததா என்னும் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. பல் வலியோடு பார்த்தவருக்கு எந்தப் படமும் இழுவையாகவே இருக்கும்.

அந்த அம்மாவுக்கு இவ்விக்கினங்களில் எதுவும் நேரவில்லை என்றே நினைக்கிறேன். தம் பசியை நினைத்து அவர் அழவில்லை. தமக்குத் தெரிந்த யாரோ ஒருத்தியின் பசியாகவும் அதனைக் கொள்ளவில்லை. யாருடையதென்றும் எக்காலத்ததென்றும் எல்லையற்ற பசி அவருக்குப் புலனாயிற்று. ரசக் கொள்கையில் அவருக்கு முற்பட்ட ஆசாரியரான பட்டநாயகர் சொல்லி அபிநவகுப்தர் ஏற்றுக்கொண்ட சாதாரணீகரணம் என்பது இதுவே. மகன் சொன்னவை யாவும் சரியாகவே இருந்திருக்கலாம். எனினும் ரசம் சித்தித்தது தாயாருக்கே. கண்டிச் சீமையின் பழங்கலைகளை ஊரூராகச் சென்று ஆராய்ந்து 1908இல் பெருநூலாக வெளியிட்ட ஆனந்த குமாரசுவாமி, பின்னர் சிவநடனத்தைப் பற்றிய தம் கட்டுரைத் தொகுதியிலே இந்த ரசக் கொள்கையை உலகத்தாருக்கு எடுத்து விளக்கியபோது, காண்பவனுடைய தகுதியை அவ்வளவு வற்புறுத்தியதன் காரணம் எனக்கு அந்தப் பஸ்ஸிலேதான் நன்கு விளங்கிற்று.

அப்படியானால் எல்லோருடைய அபிப்பிராயமும் அவரவர்க்கு மெய்தான் என்று விட்டுவிடலாமா? விடலாகாது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரின் அளவையில், காட்சிப் பிரமாணத்தை நான்காகப் பகுத்து, அவற்றுள் ஒன்றாகத் தன்வேதனைக் காட்சி என்பதை வைத்தார். அராகம் முதலிய தத்துவங்களின் வழியாக ஆன்மாவிடத்தே தோன்றும் இன்ப துன்பங்களை ஆன்மா தானே அறிகிற அறிவு அது. ஒருவர் தமக்கு அந்தப் படம் பிடித்தது என்றால், அதனை மறுக்க இன்னொருவருக்கு அதிகாரமில்லை. அது அவருடைய தன்வேதனைக் காட்சி. ஆனால் அந்தப் படம் சிறந்தது என்று அவர் சொன்ன கணத்திலே, காட்சியைக் கடந்து கருதலுக்குள், அதாவது அனுமானத்துக்குள் வந்துவிடுகிறார். அனுமானத்துக்கு ஏது, அதாவது காரணம், காட்டவேண்டும். நம்மிடையே சினிமாவைப் பற்றி நடக்கும் சண்டைகளிலே பாதி, தன்வேதனையை அனுமானமாக வேஷம் போட்டுக் காட்டுவதனால் வருகின்றன. மறுபாதி, ஏது கேட்டவுடன் அதனைத் தன் ரசனைக்கு நேர்ந்த அவமானமாகக் கொள்வதனால் வருகின்றன.

மூன்றாவது பிரமாணம் உரை. தாலபுடனை ஏமாற்றியது அவன் கண்ணுமன்று, கருத்துமன்று. ஆப்தரென்று நம்பியவர்களின் வாய்மொழியே. இதற்கு நம் காலத்து உதாரணம், கண்டியைச் சேர்ந்த ஒருவரைப் பற்றியதாகவே அமைந்துவிட்டது. தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பத்தின் வழித்தோன்றலாய், கண்டிப் புனித அந்தோனியார் கல்லூரியில் படித்து, டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட்டுகளை வீழ்த்திய முத்தையா முரளிதரனின் வாழ்க்கையை, விஜய் சேதுபதி நடிக்கப் படமாக்கப் போகிறார்கள் என்று 2020 ஒக்டோபரில் அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. முரளிதரனே கேட்டுக்கொண்டதன்பேரில் அந்த மாதத்திலேயே நடிகர் விலகினார். பின்னர் மதுர் மிட்டல் நடிக்க, எம்.எஸ். ஸ்ரீபதி இயக்கிய ‘800’, 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி திரைக்கு வந்தது.

எதிர்த்தவர்களின் வேதனையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இலங்கை யுத்தத்தின் முடிவைக் குறித்து முரளிதரன் பேசிய சொற்கள், உறவுகளைப் பறிகொடுத்தவர்களைச் சுட்டன என்பது மெய்; புண் ஆறாதவரிடம் சஹிருதயராக, அதாவது ஒத்த உள்ளமுடைய ரசிகராக, வந்து உட்காருங்கள் என்று எந்த ஆசாரியரும் சொல்லமுடியாது. அவர்களுடையது தன்வேதனை, அதற்குப் பிரமாணம் உண்டு. ஆனால் எடுக்கப்படாத ஒரு படத்தைப் பொய்யென்றும் துரோகமென்றும் முடிவுகட்டியது காட்சியுமாகாது, கருதலுமாகாது. ஒருவர் சொல்ல மற்றவர் கேட்ட உரை மாத்திரமே. இதில் எனக்கு உண்மையாகவே துக்கம் தருவது, மலையகத் தமிழருடைய வாழ்வு பெரிய திரையில் வருவது எவ்வளவு அபூர்வம் என்பதை அந்த ஆரவாரத்திலே எவரும் நினையாதது. முரளிதரனின் குடும்பமும் 1977ஆம் ஆண்டு வன்முறையில் அடிபட்ட குடும்பமே. படம் வெளிவந்தபின் அதனைப் பார்த்து, இன்ன இடத்தில் இது உண்மைக்குக் குறைந்தது என்று எவரேனும் ஏது காட்டிச் சொன்னால், அதைச் செவி கொடுத்துக் கேட்கவேண்டும். படம் வெளிவந்த காலத்தில் நான் கேட்ட பேச்சிலே, பார்த்துவிட்டுப் பேசியவர்களைவிடப் பாராமலே பேசியவர்கள் அதிகம்.

இன்னொரு விதமான சிக்கலும் இந்த ஊருக்கு உண்டு. கண்ணகி இங்கே பத்தினித் தெய்வம். தலதா மாளிகைக்கு அருகிலேயே அவளுடைய தேவாலயம் இருக்கிறது, எசல பெரஹராவில் அவளுக்கென்று தனி ஊர்வலம் புறப்படுகிறது. சுனில் ஆரியரத்ன 2016இல் ‘பத்தினி’ என்னும் சிங்களப் படத்தை வெளியிட்டபோது, தேவாலயத்தில் பூத்தட்டு வைத்துக் கும்பிடுகிறவர்களும், சிலப்பதிகாரத்தைப் பள்ளிக்கூடத்திலே காவியமாகப் படித்த தமிழர்களும் ஒரே கதையைப் பார்க்க நேர்ந்தது. தெய்வத்தின் முகத்தைக் கண்டவருக்கு நடிகையின் முகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல நாவெழுமா? எழாமற்போனால் அதுவும் ஒரு நேர்மையே. பக்தி தலைப்பட்ட இடத்தில் ரசனையின் தீர்ப்பை நிறுத்தி வைப்பது பலவீனமன்று. அந்த மௌனத்தை மற்றவர்மீது சட்டமாக விதிக்கத் தொடங்கும்போதுதான் தகராறு வருகிறது.

கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள வாசகர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. இனி யாராவது உங்களைப் பார்த்து, ‘படம் எப்படி?’ என்று கேட்டால், நல்லதா கெட்டதா என்னும் தீர்ப்பைச் சற்றே ஒத்திவைத்து, எந்தக் காட்சியில் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை முதலில் சொல்லுங்கள். ‘800’ஐப் பாராமலே அதைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருப்பவர்கள், மனம் இடங்கொடுத்தால், ஒருமுறை அதை முழுவதும் பாருங்கள். பார்த்தபின் பிடிக்கவில்லை என்றால், தயங்காமல் எங்களிடம் வந்து சொல்லுங்கள், ஏதுவோடு சொல்லுங்கள்.