ஒருபொருளும் பன்மொழியும்

ஒரு சொல்லைக் கொடுத்து, அதே பொருள் தரும் வேறொரு சொல்லை எழுதுக எனக் கேட்பது தமிழ் வினாத்தாள்களில் நெடுநாளாக உள்ள வழக்கம். ஞாயிறு என்றால் கதிரவன். மலை என்றால் வெற்பு. விடை எழுதும் மாணவனுக்கு இதில் ஐயம் எழுவதில்லை. திருத்தும் ஆசிரியருக்கும் எழுவதில்லை. ஆயினும், 'அதே பொருள்' என்னும் அவ்விரு சொற்களுக்குள் அடங்கிக் கிடக்கும் சிக்கல் சிறிதன்று. இரண்டு சொற்கள் உண்மையிலேயே ஒன்றாக முடியுமா? ஒன்றெனக் கொண்டு ஒன்றனிடத்தில் மற்றொன்றை வைப்பவன் அச்செயலுக்குப் பொறுப்பாளி ஆகின்றானா? முன்னது மொழிநூல் வினா. பின்னது அறநூல் வினா. முன்னதற்கு விடை தேடாமல் பின்னதைத் தொட இயலாது.

இத்தகைய சொற்களை இன்று 'ஒருபொருட் பன்மொழி' என்று வழங்குகின்றனர். இத்தொடரின் பழைய பொருள் வேறு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார், ஒரே இடத்தில் ஒரே பொருளுடைய சொற்கள் அடுத்தடுத்து வந்து நிற்பதையே இப்பெயரால் குறித்தார். 'மீமிசை' என்பதில் மீ என்றாலும் மேல். மிசை என்றாலும் மேல். 'உயர்ந்தோங்கிய' என்பதில் உயர்தலும் ஓங்குதலும் ஒன்றே. ஒன்று போதுமான இடத்தில் இரண்டு வருவது குற்றமாகாதா எனின், ஆகாது. அது பொருளுக்கு ஒரு சிறப்பைத் தருதலின் வழுவன்று என அமைதி கூறினார். தொல்காப்பியரும் இவ்வாறு பிரிவின்றி வரும் இருசொல்லை விலக்காது ஏற்றார். ஆழ்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இரண்டாவது சொல் ஒரு சிறப்பைச் சேர்க்கின்றதென்றால், அது முதற் சொல்லை அப்படியே திரும்பச் சொல்லவில்லை என்பதே கருத்து. ஒன்றென்று பெயரிட்ட அந்த இலக்கணமே, முற்றிலும் ஒன்றன்று என்பதையும் உடன் ஒப்புக்கொண்டுவிட்டது.

தனித்தனியே வழங்கும் ஒத்த சொற்களைத் தொல்காப்பியர் திரிசொல்லின் ஒரு வகையாக எச்சவியலில் வைத்தார். வெற்பு, விலங்கல், விண்டு ஆகிய மூன்றும் மலையைக் குறிப்பன என உரையாசிரியர் காட்டுவர். இதற்கு மறுதலையான வகை, எகினம் என்னும் ஒரே சொல் அன்னத்தையும் கவரிமாவையும் நாயையும் குறித்தல் போல்வது. பின்வந்த நிகண்டுகள் இவ்விரு வகையையும் விரித்துப் பெருக்கின. திவாகரத்தின் பன்னிரண்டு தொகுதிகளுள் முதற் பத்தும் ஒருபொருளுக்குரிய பல பெயர்களைத் திரட்டித் தருவன. பதினோராவது ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி. பிங்கலமும் சூடாமணியும் அவ்வழியே சென்றன. திண்ணைப் பள்ளிகளில் சிறுவர்கள் நிகண்டை மனனம் செய்தனர். செய்யுள் இயற்றுவோனுக்கு எதுகை வேண்டும், மோனை வேண்டும், சீருக்கேற்ற அளவு வேண்டும். அவன் தேடிய ஒப்புமை ஓசைக்கு இடங்கொடுக்கும் ஒப்புமை. அதற்கு நிகண்டு போதும். உரைநடை எழுதுவோனுக்கும் அதுவே போதும் என்று கருதியதிலிருந்துதான் இன்றைய மயக்கம் தொடங்கியது எனலாம்.

கிரேக்கத்திலும் இச்சொல் பொருள் மாறியே வந்துள்ளது. ஆங்கிலத்தார் 'சினானிம்' என்பது 'சினானிமா' என்னும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. அரிஸ்டாட்டில் அதனைச் சொற்களுக்கு வழங்காமல் பொருள்களுக்கு வழங்கினார். மனிதனும் விலங்கு, எருதும் விலங்கு, இரண்டும் அப்பெயரை ஒரே வரையறையால் பெறுகின்றன, ஆதலின் மனிதனும் எருதும் 'சினானிமா' என்றார். பெயரும் ஒன்று, இலக்கணமும் ஒன்று, பொருள்களே இரண்டு. இன்றோ பொருள் ஒன்று, பெயர்கள் இரண்டு என்று அச்சொல் தலைகீழாக நிற்கின்றது. ஒப்புமையைக் குறிக்க வந்த சொல்லே தன்னோடு ஒத்து நிற்கவில்லை.

தமிழ்த் தொடரில் சிக்கல் 'பொருள்' என்னும் சொல்லில் உள்ளது. பொருள் என்பது கையால் தொடும் பண்டத்தையும் குறிக்கும், சொல்லின் கருத்தையும் குறிக்கும், செல்வத்தையும் குறிக்கும். வடமொழியில் அர்த்தம் என்பதும் கருத்தையும் செல்வத்தையும் ஒருங்கே குறிப்பதே. அச்சொல்லே மலாய் மொழியில் 'எர்த்தி' ஆயிற்று. நம் நாட்டுப் பிள்ளைகள் மலாய்ப் பாடத்தில் 'கத்தா செஎர்த்தி' என்று படிப்பதும், தமிழ்ப் பாடத்தில் ஒருபொருட் பன்மொழி என்று படிப்பதும் ஏறக்குறைய ஒரே அமைப்புடைய தொடர்கள் என்பதை ஆசிரியர்கள் எடுத்துக் காட்டினால் இரு பாடமும் பயன்பெறும். நிற்க. ஒருபொருள் என்றால் ஒரே பண்டமா, ஒரே கருத்தா?

ஞாயிற்றின் பெயர்களை எடுத்துக்கொள்ளலாம். கதிரவன், பகலவன், வெய்யோன் ஆகிய மூன்றும் வானில் உள்ள ஒரே சுடரைச் சுட்டுகின்றன. ஆனால் கதிரவன் ஒளிக்கதிரைச் சொல்கின்றது. பகலவன் அது செய்யும் பகலைச் சொல்கின்றது. வெய்யோன் அதன் வெம்மையைச் சொல்கின்றது. இருள் விலகுமுன் பால்மரக் காட்டுக்குள் நுழைபவனுக்கு அது பகலவன். உச்சிவேளையில் புல்வெட்டுபவனுக்கு அது வெய்யோன். பண்டம் ஒன்று, பார்வை மூன்று. செருமானிய அறிஞர் ஃபிரெகே 1892-இல் எழுதிய கட்டுரையில் இதனைத் தெளிவாக்கினார். காலையில் காணும் வெள்ளியும் மாலையில் காணும் வெள்ளியும் ஒரே கோள். எனினும், 'விடிவெள்ளி விடிவெள்ளியே' என்பதில் செய்தி ஒன்றும் இல்லை. 'விடிவெள்ளியே மாலைவெள்ளி' என்பது வானத்தை நெடுங்காலம் நோக்கிக் கண்ட செய்தி. சுட்டப்படும் பண்டம் வேறு, சுட்டும் முறை வேறு என்பது அவர் பிரித்துக் காட்டியது. தமிழில் காரணப்பெயர் என்னும் கருத்தை அறிந்த மாணவனுக்கு இது புதிதாகத் தோன்றாது.

வானத்துப் பண்டங்களோடு நின்றுவிட்டால் இஃது அறிவு விளையாட்டாகவே முடிந்துவிடும். மனிதரைப் பற்றிய சொற்களுக்கு வரும்பொழுதுதான் அறம் குறுக்கிடுகின்றது. செத்தார், இறந்தார், காலமானார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார் என்பவை அகராதிக்கு ஒன்றே. மங்கலம் என்னும் தகுதி வழக்கை இலக்கணம் ஏற்றது. 'இற' என்பதற்குக் கடத்தல் என்பதே பழம்பொருள். இறந்தார் என்பதும் ஒரு காலத்தில் மென்மைப்படுத்திய சொல்லாகவே இருந்திருத்தல் வேண்டும். இயற்கை எய்தினார் என்பதற்கும் இறைவனடி சேர்ந்தார் என்பதற்கும் இடையில் மென்மையில் வேறுபாடில்லை. நம்பிக்கையில் வேறுபாடு உண்டு. வாழ்நாள் முழுதும் கடவுளை மறுத்த ஒருவரின் நினைவு மலரில் பின்னதை அச்சிடுவது, பதில் சொல்ல இயலாதவர் வாயில் பிறர் சொல்லை வைப்பதாகும். 'இரண்டும் ஒன்றுதானே' என்பது இங்கே விடையாகாது.

இந்நாட்டுத் தமிழர் வரலாற்றில் இதனினும் கூரிய சான்றுகள் உள. கூலி என்பது தமிழில் உழைப்புக்கு ஈடாகப் பெறும் ஊதியம். ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் முயற்சியின் பயனை இச்சொல்லால் பெருமையுறக் கூறினார். மேற்கிந்தியக் கோலி மரபினர் பெயரோடு ஆங்கிலச் சொல்லைச் சார்த்துவாரும் உண்டு; எவ்வாறாயினும், ஆங்கில ஆட்சிக் காலத்தில் அது ஊதியத்தை விட்டு நீங்கி ஊதியம் பெறும் மனிதனுக்கே பெயராயிற்று. பெறும் காசையே ஆளாகக் கருதிய பெயர் அது. 1954-இல் தோட்டத் தொழிற்சங்கங்கள் ஒன்றிணைந்து அமைந்த சங்கம் தன்னைத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் என்று பெயரிட்டுக்கொண்டது. சுட்டப்பட்ட மனிதர் அவரே, பால்மரமும் அதுவே. ஆயினும் கூலியும் தொழிலாளரும் ஒருபொருட் பன்மொழி என்று எந்த ஆசிரியரும் மதிப்பெண் இடத் துணியார்.

ஐம்பதுகளில் பெருந்தோட்டங்கள் சிறுசிறு பகுதிகளாக விற்கப்பட்டன. உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரையில் நிகழ்ந்த இதனை ஆராய்ந்து நூலாக வெளியிட்டார். ஆவணம் எழுதியவருக்கு அது நிலப் பிரிவினை, வாங்கியவருக்கு விற்பனை. லயத்தில் குடியிருந்து வேலையும் வீடும் ஒருசேர இழந்த தமிழர் அதற்கு இட்ட பெயர் துண்டாடல். ஓர் உடலை வெட்டுவதற்குரிய வினைச்சொல்லை அவர்கள் நிலத்துக்கு ஆண்டார்கள். இதனை மிகைச்சொல் என்பார் உளர். பிரிவினை என்ற சொல்லில் மனிதர் ஒருவரும் இல்லை. துண்டாடல் என்ற சொல்லில் துண்டாடப்பட்டவர் இருக்கின்றார். எனவே, மிகை என்பதைவிட நிறைவு என்பதே பொருந்தும். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளரையே தோட்டம் வாங்கச் செய்ததும் இச்சொல் எழுப்பிய அச்சத்தின் சூழலிலேதான்.

ஒத்த சொற்களுக்கிடையே மனிதரின் நிலை ஒளிந்திருப்பதைத் தொல்காப்பியரே மறைவின்றிக் கூறியுள்ளார். ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் ஒன்றை வேண்டும் சொற்கள். இழிந்தவன் உயர்ந்தவனிடம் ஈ என்பான். ஒத்தவன் ஒத்தவனிடம் தா என்பான். உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கொடு என்பான். கேட்கப்படுவது ஒரே பிடி சோறாக இருக்கலாம். கேட்பவன் எங்கே நிற்கின்றான் என்பதைச் சொல் காட்டிக்கொடுத்துவிடும். அத்துடன் ஆசிரியர் இன்னொரு நுட்பமும் சொல்கின்றார். கொடுத்தல் என்பது படர்க்கைக்கு உரியது; அவனுக்குக் கொடு என்பதே முறை. உயர்ந்தவன் தனக்கே வேண்டும்பொழுதும் அச்சொல்லை ஆள்வது, தன்னைப் பிறன்போலக் கூறும் குறிப்பினால் என்பது அவர் தரும் அமைதி. இரப்பவன் தான் என்று ஒப்புக்கொள்ள நாணும் உள்ளத்தை இலக்கணம் இவ்வளவு நுண்மையாகக் கண்டிருப்பது வியப்புக்குரியது.

இன்று ஈ என்னும் ஏவல் பேச்சில் இல்லை. ஈகை, ஈதல் என நூல்களில் மட்டும் வாழ்கின்றது. கொடு என்பதை யாரும் யாரிடமும் சொல்கின்றனர். தா என்பது தாயிடம் கேட்கும் குழந்தையின் வாயிலும், நண்பனிடம் கேட்கும் நண்பனின் வாயிலும், கோயிலில் நிற்பவரின் வாயிலும் வழங்குகின்றது. விடைக்குறிப்பு மூன்றையும் ஒன்றென்றே ஏற்கின்றது.