கடிகாரக்காரர் கையில் கத்தி

செல்போனில் ஆட்டோவை வரவழைக்கிறீர்களே, அந்த ஆட்டோவுக்கு உங்கள் தெருவைக் காட்டிக்கொடுப்பதில் அமெரிக்க ராணுவத்துக்கும் ஒரு பங்கு உண்டு. நிஜமாகத்தான். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களை இயக்குவது அமெரிக்க விண்வெளிப்படை. அவற்றுக்குள் இருக்கும் அணுக்கடிகாரங்கள் பிசகாமல் கொலராடோவில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கடிகாரத்தை வைத்து உலகம் பூராவும் எத்தனையோ செல்போன் டவர்களும் வங்கிக் கணினிகளும் நேரம் சரிபார்த்துக்கொள்கின்றன. கட்டணம்? பைசா கிடையாது. 1983-ல் சோவியத் யூனியன் ஒரு கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்தபிறகு, எல்லோருக்கும் தருகிறோம் என்று ரீகன் அரசு வாக்குக் கொடுத்த வசதி இது.

2019 டிசம்பரில் பிறந்த இந்தப் படையில் சீருடைக்காரர்கள் சுமார் 10,000 பேர்தான். அவர்களுக்கு வைத்த பெயர் கார்டியன். அதாவது காவலாளி.

இந்தக் காவலாளிகளுக்கு 2024 பிப்ரவரியில் புது உத்தரவு வந்தது. விமானப்படைச் செயலராக இருந்த ஃப்ராங்க் கெண்டால், இரண்டு படைகளுக்கும் சேர்த்து 24 மாற்றங்களை அறிவித்தார். ஆளெடுப்பு, பயிற்சி, கொள்முதல் எல்லாமே இனி வல்லரசுப் போட்டிக்காக. முக்கியமாகச் சீனாவுக்காக. ஆட்சி மாறி, 2025-ல் சில மாற்றங்களை நிறுத்திவைத்தார்கள். எதிரி மட்டும் அதே எதிரி. சீனாவும் சும்மா இல்லை. 2024 ஏப்ரலில் தன் ராணுவத்தைக் கலைத்து அடுக்கி, விண்வெளிக்கென்றே தனிப் பிரிவு வைத்துக்கொண்டது.

எதிர்வீட்டுக்காரன் அரிவாள் தீட்டும்போது நான் மட்டும் கோலம் போட்டுக்கொண்டிருக்கணுமா என்று அமெரிக்கர் கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் இந்தத் தெருவில் வீசும் அரிவாளுக்கு ஒரு விசேஷம் உண்டு. அது ஆள் பார்த்து வெட்டாது.

1962-ல் அமெரிக்கா 400 கிலோமீட்டர் உயரத்தில் ஓர் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. அந்தக் கதிர்வீச்சு நண்பனான பிரிட்டனின் முதல் செயற்கைக்கோளைப் பழுதாக்கியது. அமெரிக்காவின் டெல்ஸ்டாரையும் விடவில்லை. சொந்தக் காசில் சூனியம்! 2007-ல் சீனா தன் பழைய வானிலைக் கோளை ஏவுகணையால் உடைத்தது. 3,000-க்கும் மேற்பட்ட துண்டுகள் சிதறின; பல இன்னும் சுற்றுகின்றன. 2021 நவம்பரில் ரஷ்யா அதையே செய்தபோது, சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த ஏழு பேரும் தங்கள் விண்கலங்களுக்குள் ஓடிப் பதுங்கினார்கள். அந்த ஏழில் இருவர் ரஷ்யர்கள்!

நான் பி.காம். படித்தவன். இந்தத் தயார்நிலையைக் கணக்காகப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. சண்டை வராவிட்டால், பாத்தீங்களா, எங்களாலதான் வரலை என்பார்கள். வந்துவிட்டால், அப்பவே இன்னும் செலவு பண்ணியிருக்கணும் என்பார்கள். லாபமோ நஷ்டமோ, முடிவு ஒன்றே. எந்த ஆடிட்டரும் இந்தக் கணக்கில் கையெழுத்துப் போடமாட்டார்.

செலவு கிடக்கட்டும். ஊர்க் கிணற்றுக்குக் காவல் வைத்த ஆளிடம், உன் நிஜ வேலை அடுத்த ஊர்க்காரனை ஜெயிப்பது என்று சொல்லிவிட்டால்? எதிரிக்குத் தண்ணீர் கிடைக்கக் கூடாது என்ற நிலை ஒருநாள் வரும். அப்போது அவன் கிணற்றைக் காப்பானா, தூர்ப்பானா? அந்த முடிவு எடுக்கும் அறையில் நமக்கு நாற்காலி கிடையாது. தாகம் மட்டும் நம்முடையது.

அமெரிக்காவை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. ஏவுகணையால் செயற்கைக்கோளை உடைக்கும் சோதனையை இனிச் செய்யமாட்டோம் என்று 2022 ஏப்ரலில் முதலில் சொன்னது அந்த நாடுதான். சோதனைக்குத்தான் அந்தச் சத்தியம், சண்டைக்கு இல்லை. இருந்தாலும் சத்தியம் சத்தியம்தானே?

அந்த டிசம்பரில், மற்றவர்களும் அப்படி உறுதி தரவேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தது. 155 நாடுகள் கை தூக்கின. சீனாவும் ரஷ்யாவும் எதிர்த்தன. 2019 மார்ச்சில் தன் செயற்கைக்கோள் ஒன்றைத் தானே உடைத்துக் காட்டி, நாமெல்லாம் கைதட்டிய இந்தியா, ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டது.